செடி–பூச்சிப் பரிணாமம் பற்றிய உரைப்பகுதி வந்தால்: ஆங்கில வாசிப்புத் தேர்வு எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

மூன்று ஆண்டுகள் தாவரவியல் படித்த எனக்கு, ஐஇஎல்டிஎஸ் (வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கப்படும் ஆங்கிலத் திறன் தேர்வு) பயிற்சித் தாளில் மகரந்தச் சேர்க்கையின் பரிணாமம் பற்றிய உரைப்பகுதியைக் கண்டதும் மனம் துள்ளியது. 13 கேள்விகள். பதற்றமே இல்லாமல் எழுதி முடித்தேன். திருத்திப் பார்த்தால் 6 தான் சரி. அதே தாளில் பாலக் கட்டுமானம் பற்றி ஒரு பகுதி இருந்தது. எனக்கு அதில் அடிப்படை அறிவுகூடக் கிடையாது. ஆனால் அதில் 11 சரி.

அன்றிரவு இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பாலத்தைப் பற்றித் தெரியாததால் ஒவ்வொரு விடையையும் உரையில் தேடி எடுத்திருந்தேன். பூவைப் பற்றித் தெரிந்ததால் உரையைச் சரியாகப் பார்க்கவே இல்லை. இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போக நான்கு மாதம் பிடித்தது. அதற்குள் ஒரு தேர்வுக் கட்டணமும் வீணாகிவிட்டது. உங்களுக்கு அந்த நான்கு மாதமும் பணமும் மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உயர்கல்விக்குச் செல்வோர் எழுதும் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வை மனத்தில் வைத்து எழுதினாலும், அறிவியல் உரையைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் எந்தத் தேர்வுக்கும் இது பொருந்தும்.

1. பதிவு செய்யும் முன்பே முடிக்க வேண்டியவை

பதிவின்போது எந்த பாஸ்போர்ட் எண்ணைக் கொடுக்கிறீர்களோ அதே பாஸ்போர்ட்டைத் தேர்வன்று கொண்டுபோக வேண்டும். நகல் செல்லாது. இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும். புதுப்பிக்க வேண்டியிருந்தால் முதலில் அதை முடித்துவிட்டுப் பிறகு பதிவு செய்யுங்கள். பதிவுப் படிவத்தில் பெயர், பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும்.

கட்டணம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அதைவிட முக்கியமான கணக்கு நாள் கணக்கு. காகிதத் தேர்வு நடக்கும் இடங்களில் அதை எழுதினால் முடிவு 13 நாளில் வரும், கணினியில் எழுதினால் சில நாள்களிலேயே வந்துவிடும். மதிப்பெண் 2 ஆண்டுகளுக்குச் செல்லும். விண்ணப்பத்தின் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, இரண்டாம் முறை எழுதவும் இடம் விட்டுத் தேதியைத் தேர்ந்தெடுங்கள். நான் அப்படி இடம் விடவில்லை. முதல் முயற்சியில் வாசிப்பில் 9-க்கு 6 மதிப்பெண் வந்தது, தேவைப்பட்டதோ 7. மறுமுறை எழுதி முடிவு வருவதற்குள் விண்ணப்பத் தேதி கடந்துவிட்டது.

2. 60 நிமிடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மூன்று உரைப்பகுதிகள், 40 கேள்விகள், 60 நிமிடம். காகிதத் தேர்வில் விடைத்தாளுக்கு மாற்றி எழுதும் நேரமும் இந்த 60-க்குள்தான் அடங்கும். கேட்டல் பகுதியில் கூடுதல் நேரம் கிடைப்பதை வைத்து வாசிப்பிலும் கிடைக்கும் என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஆகவே எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள். அகாடமிக் வாசிப்பில் ஏறத்தாழ 23 சரியானால் மதிப்பெண் 6, 30 சரியானால் 7, 35 சரியானால் 8. தாளுக்குத் தாள் இது ஒன்றிரண்டு முன்பின்னாக இருக்கும்.

பகுதிகள் போகப் போகக் கடினமாகும். எனக்கு ஒத்துவந்த பங்கீடு 17, 20, 23 நிமிடம். பரிணாமம் பற்றிய உரை எந்த இடத்திலும் வரலாம். மூன்றாவதாக வந்தால் ஆய்வாளர்களின் கருத்து மோதல்கள் நிறைய இருக்கும். முதலாவதாக வந்தால் வருணனையும் செயல்முறையும் மிகுந்திருக்கும்.

3. தெரிந்ததை ஒதுக்கிவைக்கப் பழகுங்கள்

தேர்வு உங்கள் உயிரியல் அறிவைச் சோதிக்கவில்லை. ஒரு கூற்று உலகத்தில் உண்மையா என்று அது கேட்பதில்லை, இந்த உரையில் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. கேட்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த வேறுபாட்டில்தான் படித்தவர்கள் சறுக்குகிறார்கள்.

எனக்கு உதவிய பழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு விடைக்கும் உரையில் ஆதாரமான வரியின் ஓரத்தில் கேள்வி எண்ணை எழுதுவேன். எழுத வரி கிடைக்கவில்லை என்றால் அந்த விடை என் தலையிலிருந்து வந்தது என்று பொருள். கணினித் தேர்வில் வரியைத் தேர்ந்தெடுத்து வண்ணமிடலாம், குறிப்பும் சேர்க்கலாம். அந்த வசதியைத் தேர்வன்று முதல்முறையாகத் தொடாமல் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

உயிரியலே படிக்காதவர்களுக்கும் இதில் ஆறுதல் உண்டு. அறிமுகமில்லாத சொல் வந்தால் அதன் பொருளை உரையே பெரும்பாலும் அதே வரியிலோ அடுத்த வரியிலோ சொல்லிவிடும். கமாக்களுக்கு நடுவிலும், கோட்டுக்குப் பின்னும், ‘அதாவது’ என்ற பொருளில் வரும் சொற்களுக்குப் பின்னும் பாருங்கள். லத்தீன் பெயர்களை உச்சரித்துப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சாய்வெழுத்தில் வரும் அந்த நீண்ட பெயரின் முதல் எழுத்தை மட்டும் வட்டமிட்டால் போதும். ஓர் உரைக்கு அப்படி நான்கைந்து பெயர்கள்தான் இருக்கும்.

இருந்தாலும் சில சொற்களை முன்பே அறிந்திருப்பது மிகவும் உதவும். மகரந்தம், மகரந்தச் சேர்க்கை, தேன், உறிஞ்சுகுழல், புதைபடிவம், அம்பர் (கல்லாக இறுகிய மரப் பிசின்), கூட்டுப் பரிணாமம் (இரு உயிரினங்கள் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே வருவது), இரு தரப்புக்கும் பயன் தரும் உறவு, போலித்தோற்றம் (இன்னொன்றைப் போலத் தோன்றுவது), தாவர உண்ணி, ஒரே இனத்தைச் சார்ந்து வாழும் பூச்சி, பல இனங்களில் உண்ணும் பூச்சி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பக்கம் மனத்தில் இருந்தால் இத்தலைப்பில் வரும் உரைகளில் பெரும்பகுதி தடையின்றி நகரும்.

4. ஆண்டுக் கணக்கில் கவனம்

உரையில் எண்கள் மில்லியனில் வரும். நமக்குக் கோடி பழக்கம் என்பதால் மனம் தானாக மாற்றத் தொடங்கிவிடும். 10 மில்லியன் என்பது 1 கோடி, 130 மில்லியன் என்பது 13 கோடி. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தேர்வறையில் மாற்றாதீர்கள். ஒரு சுழியம் நழுவினால் விடையே மாறிவிடும். மில்லியனாகவே எழுதி மில்லியனாகவே ஒப்பிடுங்கள்.

இரண்டாவது சிக்கல், ‘இத்தனை ஆண்டுகளுக்கு முன்’ என்னும்போது பெரிய எண்தான் முந்தையது. அவசரத்தில் 320 என்பது 130-க்குப் பிறகு வருவதாகக் கண் வாசித்துவிடும். ஆகவே உரையில் முதல் காலக் குறிப்பைக் கண்டதும் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது என்று எண்களை இட்டுக்கொண்டே போங்கள். எடுத்துக்காட்டாக, நிலத் தாவரங்கள் ஏறத்தாழ 470 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், சிறகுள்ள பூச்சிகளின் பழைய புதைபடிவங்கள் ஏறத்தாழ 320, பூக்கும் தாவரங்களின் தெளிவான புதைபடிவங்கள் ஏறத்தாழ 130. இந்தக் கோடு இருந்தால் ‘பூச்சிகள் பறக்கத் தொடங்கியபோது பூக்கள் ஏற்கெனவே இருந்தன’ என்ற கூற்றை நொடியில் தவறு என்பீர்கள். கோடு இல்லாவிட்டால், பூவும் பறக்கும் பூச்சியும் சேர்ந்தே தோன்றியிருக்கும் என்று நம் அன்றாட அனுபவம் சொல்வதை நம்பிவிடுவோம்.

எண்ணைச் சுற்றியுள்ள சிறு சொற்களையும் பாருங்கள். ‘குறைந்தது’, ‘ஏறத்தாழ’, ‘வரை’, ‘மிகப் பழைய’ என்பனவெல்லாம் விடையைத் தீர்மானிக்கும். மிகப் பழைய புதைபடிவம் 130 மில்லியன் ஆண்டு என்று உரை சொன்னால், பூக்கள் 130 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்தான் தோன்றின என்று அது சொல்லவில்லை. அதற்கு முன்பும் இருந்திருக்கலாம், படிவம் கிடைக்காமல் போயிருக்கலாம்.

5. யார் யாரை மாற்றியது?

இத்தலைப்பின் உயிர்நாடி இது. செடியும் பூச்சியும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே வந்திருப்பதால், கேள்வி அமைப்பவர்கள் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவைப்பது மிகவும் எளிது.

பேஷன் பழக் கொடியில் சில இனங்களின் இலைகளில் மஞ்சள் புள்ளிகள் உண்டு. ஹெலிகோனியஸ் வண்ணத்துப்பூச்சியின் முட்டைகளைப் போலவே அவை தோன்றும். ஏற்கெனவே முட்டை இருக்கும் இலையில் பெண் பூச்சி முட்டையிடத் தயங்கும், ஏனெனில் முதலில் பொரிந்த புழு மற்ற முட்டைகளைத் தின்றுவிடக்கூடும். ஆகவே புள்ளியுள்ள இலைகள் தப்பின. இந்த உரைக்குக் கீழே ‘வண்ணத்துப்பூச்சி தன் முட்டைகளை இலைப் புள்ளிகளைப் போல மாற்றிக்கொண்டது’ என்று ஒரு கூற்று இருந்தால்? சொற்கள் எல்லாம் உரையில் உள்ளவையே. கொடி, இலை, புள்ளி, முட்டை, போலத் தோன்றுதல் என எல்லாம் கண்ணில் படும். ஆனால் திசை தலைகீழ். போலித்தோற்றம் கொண்டது செடி, பூச்சியல்ல. கூற்று தவறு.

ஓரத்தில் ஓர் அம்பு இடுங்கள். மாற்றத்துக்குக் காரணமான உயிரிலிருந்து மாறிய உயிரை நோக்கி அம்பு போகட்டும். பேஷன் கொடி உரையில் அம்பு பூச்சியிலிருந்து கொடிக்குப் போகும். மொனார்க் வண்ணத்துப்பூச்சி உரையில் நிலைமை வேறு. எருக்குக் குடும்பத்தைச் சேர்ந்த செடியின் பாலில் உள்ள நஞ்சைப் புழு உண்டு தன் உடலில் சேமிக்கிறது, அதனால் பறவைகள் அதை ஒதுக்குகின்றன. இங்கே அம்பு செடியிலிருந்து பூச்சிக்கும், அங்கிருந்து பறவைக்கும் போக வேண்டும்.

ஆங்கிலத்தில் செடியையும் ‘இட்’ என்பார்கள், பூச்சியையும் ‘இட்’ என்பார்கள். அத்தியையும் அத்திக் குளவியையும் பற்றிய உரையில் இது உண்மையாகவே தலை சுற்ற வைக்கும். பெண் குளவி அத்தியின் குறுகிய வாய் வழியே நுழைகிறது, நுழையும்போது பெரும்பாலும் சிறகை இழக்கிறது, உள்ளே இருக்கும் பூக்களில் முட்டையிடுகிறது, அங்கேயே இறக்கிறது. அதன் பெண் குஞ்சுகள் மகரந்தத்தைச் சுமந்து வெளியேறுகின்றன. நான்கு வரியில் ஆறு ‘இட்’ வரலாம். ஒவ்வொன்றின் மேலும் ‘கு’ என்றோ ‘அ’ என்றோ எழுதிவிடுங்கள். 20 நொடிதான் ஆகும்.

நோக்கம் சொல்லும் வாக்கியங்களும் உண்டு. ‘பூச்சியைக் கவர்வதற்காகப் பூ நிறத்தை மாற்றியது’ என்று உரையாசிரியர் சுருக்கமாக எழுதிவிடுவார். பூ திட்டமிட்டது என்று அதற்குப் பொருளில்லை. கேள்வி ‘திட்டமிட்டு’, ‘தேர்ந்தெடுத்து’ என்று அழுத்தினால் உரையில் அந்த அழுத்தம் இருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள்.

6. ஒரு சிறு உரையில் செய்து பார்ப்போம்

தேர்வில் உரை ஆங்கிலத்தில்தான் இருக்கும். கேள்வியின் போக்கு பிடிபட வேண்டும் என்பதற்காகப் பயிற்சி உரை ஒன்றைத் தமிழில் எழுதித் தருகிறேன். அதன்கீழ் வரும் ஒவ்வொரு கூற்றுக்கும் ‘சரி’, ‘தவறு’, ‘குறிப்பிடப்படவில்லை’ என்ற மூன்றில் ஒன்றை விடையாகத் தர வேண்டும்.

“1862-இல் மடகாஸ்கர் ஆர்க்கிட் மலர் ஒன்று சார்லஸ் டார்வினுக்கு வந்துசேர்ந்தது. அதன் தேன், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயின் அடியில் இருந்தது. அத்தனை நீள உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி அத்தீவில் இருக்க வேண்டும் என்று, அப்படி ஒன்றைக் காணாமலேயே டார்வின் எழுதினார். பூச்சியியலாளர் சிலர் அதைக் கேலி செய்தனர். 1867-இல் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் டார்வினை ஆதரித்தார். டார்வின் இறந்து 21 ஆண்டுகளுக்குப் பின், 1903-இல், அப்படிப்பட்ட அந்துப்பூச்சி விவரிக்கப்பட்டது. ஆனால் அது அந்த மலருக்கு வருவது 1990-களில்தான் நேரில் பதிவானது. மலரும் பூச்சியும் போட்டியிட்டு நீண்டதாக டார்வின் கருதினார். மலரில் பதுங்கும் சிலந்திகளிடமிருந்து எட்டி நிற்கவே உறிஞ்சுகுழல் முதலில் நீண்டிருக்கலாம் என்பது பிற்காலத்தில் எழுந்த இன்னொரு விளக்கம்.”

கூற்று ஒன்று: ‘டார்வினின் கணிப்பு, தாம் பார்த்த ஓர் அந்துப்பூச்சியை அடிப்படையாகக் கொண்டது.’ உரையில் ‘காணாமலேயே’ என்று இருக்கிறது. நேர் எதிர். தவறு.

கூற்று இரண்டு: ‘டார்வின் உயிரோடிருந்த காலத்தில் எவரும் அவர் கருத்தை ஏற்கவில்லை.’ கேலி செய்தவர்கள் நினைவில் பதிவதால் சரி என்று கை போகும். வாலஸ் 1867-இல் ஆதரித்தார். டார்வின் இறந்த ஆண்டு உரையில் நேரடியாக இல்லை, 1903-இலிருந்து 21-ஐக் கழித்தால் 1882 வரும். 1867 அதற்கு முந்தையது. ஆகவே தவறு. சிறு கழித்தல் கணக்கு செய்ய வேண்டிய கேள்விகள் இப்படி வரும்.

கூற்று மூன்று: ‘இந்த அந்துப்பூச்சி வேறு மலர்களிலும் தேன் குடிக்கிறது.’ என்னைக் கவிழ்த்த வகை இதுதான். இதன் நெருங்கிய உறவுப் பூச்சி அந்த ஆர்க்கிட் இல்லாத ஆப்பிரிக்கப் பெருநிலத்திலும் வாழ்கிறது, ஆகவே வேறு மலர்களுக்கும் போகும் என்று படித்தவர் மனம் உடனே ‘சரி’ போடும். உரை இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. விடை: குறிப்பிடப்படவில்லை.

கூற்று நான்கு: ‘1903-இல் அந்துப்பூச்சி அந்த மலரில் தேன் குடிப்பது காணப்பட்டது.’ பூச்சி விவரிக்கப்பட்டதும் மலருக்கு வருவது பதிவானதும் வெவ்வேறு நிகழ்வுகள், இடையே முக்கால் நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. தவறு.

இப்போது ஒரு தெரிவுக் கேள்வி. ‘உறிஞ்சுகுழல் நீண்டதன் காரணம் (அ) சிலந்திகள் என நிறுவப்பட்டுள்ளது (ஆ) மலர்க்குழாய் என நிறுவப்பட்டுள்ளது (இ) பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உள்ளன.’ கடைசி வாக்கியம் மனத்தில் புதிதாக இருப்பதால் (அ) இழுக்கும். ஆனால் அங்கே ‘நீண்டிருக்கலாம்’ என்றும், ‘இன்னொரு விளக்கம்’ என்றும் இருக்கிறது. விடை (இ). ஆங்கில உரையில் ‘மே’, ‘மைட்’, ‘பாஸிப்லி’, ‘ஈஸ் தாட் டு’ (is thought to) போன்றவற்றைக் கண்டதும் அடிக்கோடிடுங்கள். பரிணாம உரைகளில் இவை ஏராளம், ஏனெனில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நடந்ததை யாரும் நேரில் பார்க்கவில்லை.

தவறு என்பதற்கும் குறிப்பிடப்படவில்லை என்பதற்கும் வேறுபாடு தெரியாமல் தவிப்பவர்கள் இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: ‘இக்கூற்றை மறுக்கும் வரியை என்னால் விரலால் தொட்டுக் காட்ட முடியுமா?’ முடிந்தால் தவறு. முடியாவிட்டால் குறிப்பிடப்படவில்லை. இவ்வகைக் கேள்விகள் உரையின் வரிசையிலேயே வரும் என்பதால், இரண்டாவதன் விடையையும் நான்காவதன் விடையையும் கண்டுபிடித்துவிட்டால் மூன்றாவதைத் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

7. வெற்றிடம் நிரப்புதலும் தலைப்பு பொருத்துதலும்

‘இரண்டு சொற்களுக்கு மேல் கூடாது’ என்றால் மூன்று சொல் எழுதினால் மதிப்பெண் இல்லை. சொல்லை உரையிலிருந்து எடுக்கச் சொன்னால் அப்படியே எடுங்கள், ஒருமை பன்மையை மாற்ற வேண்டாம். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் போய்விடும். பூச்சிகளின் ஆங்கிலப் பெயர்களில் இரட்டை எழுத்துகள் நிறைய வரும், பார்த்து எழுதுங்கள்.

பண்புச் சொல்லை விட்டுவிடாதீர்கள். ஏறத்தாழ 300 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெகானியூரா, சிறகு விரிப்பு 70 சென்டிமீட்டர் வரை இருந்த பெரும் பூச்சி. உரை அதைத் ‘தட்டான் போன்ற’ என்று சொல்லும், தட்டான் என்று சொல்லாது. அந்தப் ‘போன்ற’ என்பதைத் தவறவிட்டால் அதை வைத்து அமைத்த கேள்வியும் தவறிவிடும்.

பத்திகளுக்குத் தலைப்பு பொருத்தும் கேள்வி வந்தால் அதை முதலில் செய்யுங்கள், உரையின் அமைப்பு புலப்பட்டுவிடும். பத்தியில் வரும் எடுத்துக்காட்டைத் தலைப்பாக எண்ணிவிடாதீர்கள். ஆர்க்கிட், அத்தி, பேஷன் கொடி எல்லாம் சான்றுகள். பத்தி அவற்றைக் கொண்டு எதைச் சொல்ல வருகிறது என்பதே தலைப்பு. பெரும்பாலும் அது முதல் வாக்கியத்திலோ, ‘ஆனால்’ என்று திரும்பும் வாக்கியத்திலோ இருக்கும். எந்தத் தகவல் எந்தப் பத்தியில் என்று கேட்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அது வரிசையில் வராது, நேரத்தைத் தின்னும்.

8. பயிற்சி

அதிகாரபூர்வத் தளத்தில் மாதிரித் தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் கொடுத்துக் குவியலாக வாங்குமுன் அவற்றை முடியுங்கள். நான் செய்தது, ஒரு நோட்டில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் காரணத்தை ஒரே சொல்லில் எழுதியது: ‘தலை’ (என் அறிவிலிருந்து வந்தது), ‘திசை’, ‘காலம்’, ‘லாம்’ (‘நீண்டிருக்கலாம்’ போன்ற ஐயச் சொல்லைத் தவறவிட்டது), ‘எழுத்து’. மூன்று வாரத்தில் பக்கம் முழுக்கத் ‘தலை’ என்ற சொல்லே நிறைந்திருந்தது. அதன்பின் எதைத் திருத்த வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. நாளுக்கு ஓர் உரை, 20 நிமிடம், பிறகு திருத்த 30 நிமிடம். திருத்தும் நேரம் எழுதும் நேரத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை மூன்று பகுதிகளையும் சேர்த்து 60 நிமிடம் உட்காருங்கள்.

9. முடிவு குறைந்துவிட்டால்

மறுமதிப்பீடு கேட்க 6 வாரம் அவகாசம் உண்டு. அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும், மதிப்பெண் உயர்ந்தால் அது திரும்பக் கிடைக்கும். ஆனால் வாசிப்புப் பகுதி மட்டும் குறைந்திருந்தால் அதில் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். கட்டுரையைப் போல இதை மதிப்பீட்டாளர் கணித்து மதிப்பிடுவதில்லை, விடை சரி அல்லது தவறு, அவ்வளவே.

கணினித் தேர்வு எழுதியவர்களுக்கு, ஒரே ஒரு திறனை மட்டும் மீண்டும் எழுதும் வசதி பல இடங்களில் இருக்கிறது. முதல் தேர்விலிருந்து 60 நாள்களுக்குள் எழுத வேண்டும். முழுத் தேர்வைவிடக் கட்டணம் குறைவு. பணம் கட்டும் முன், நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகமோ குடியேற்ற அலுவலகமோ அந்த மறுதேர்வு மதிப்பெண்ணை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் ‘ஏற்போம்’ என்று சொன்னதை நம்பிப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். மின்னஞ்சலில் கேளுங்கள், வந்த பதிலைச் சேமித்து வைத்துக்கொண்டு அதன் பிறகு பதிவு செய்யுங்கள்.